டிரங்க் போர்டில் ஒரு பெயர்

மாதுங்கா, பம்பாய்
12-6-1945

பாகீரதி,

உன் கடிதம் வந்தது. வழக்கம்போலக் கவரின் மேல் என் தம்பி சேஷனின் கையெழுத்து. உள்ளே 'நமஸ்காரம், இங்கு எல்லோரும் சௌக்கியம்' என்று நேராக ஆரம்பித்திருக்கிறாய். என் பெயரை எங்கும் காணோம். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது நம் ஸ்ரீவராகத்துத் தெருக்களின் விஞ்ஞானம். எழுதினால்கூடவா குறையும்? கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது, நீ என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்டர்மீடியட் தேறியவளுக்குத் தம்பி விலாசம் எழுதித் தருகிறான்.

இந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னாய். காலையில் மின்சார ரயிலில் ஆபீசுக்குப் போகிறேன். யாருக்காகவும் அது நிற்காது. ஒரு மில் தொழிலாளியின் எண்ணெய்க் கை என் தோளில், என் முழங்கை ஒரு பார்சி வக்கீலின் விலாவில். நம் ஊரில் இந்த மூன்று பேரும் ஒரே தெருவில் நடப்பதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று? இங்கே ஒரு இயந்திரம் அதைத் தினமும் காலையில் செய்து முடிக்கிறது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஐந்தாவது மாடிக்கு லிப்ட். மானேஜரும் நானும் கக்கூஸ் கழுவுகிறவனும் அதே கூண்டில்தான் ஏறுகிறோம்.

ராத்திரி மெஸ்ஸுக்கு வந்தால் பழைய கதைதான். ரசம் ஊற்றுகிறவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஸ்வாமிக்கு எந்த ஊர்? எந்தத் தெரு?" என்கிறார். ரயிலில் இத்தனை தூரம் வந்தும் தெருவை மூட்டை கட்டிக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள்.

என் ஆபீசுக்கு எதிரே டெலிபோன் கம்பெனி. சாயங்காலம் பெண்கள் கும்பலாகச் சிரித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள். யுத்தத்துக்கு ஆண்கள் போய்விட்டதால் நம் ஊர் டெலிபோன் ஆபீசிலும் டிரங்க் போர்டுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று சேஷன் எழுதியிருந்தான். நீ ஏன் மனுப்போடக் கூடாது? அம்மா குதிப்பாள். குதிக்கட்டும்.

சாம்பசிவன்
(இதுதான் என் பெயர். மறந்திருக்கலாம்.)


ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
5-7-1945

நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மனுப்போட்டிருந்தேன். கிடைக்காவிட்டால் எதற்கு வீண் பேச்சு என்று எழுதவில்லை. போன திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். 'குதிக்கட்டும்' என்பதை மட்டும் விட்டுவிட்டு உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளையே சொல்லிவிட்டான் என்றதும் அவரால் என்ன சொல்ல முடியும்? வேறு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

வேலை இதுதான். வெளியூர்க்காரர் ஒருவர் இங்கே ஒருவரோடு பேச வேண்டுமென்றால், அந்த ஊர்ப் பெண் எனக்குச் சொல்வாள். நான் இங்கேயுள்ள வீட்டைக் கூப்பிட்டு, வேண்டிய ஆளைப் பெயர் சொல்லிக் கேட்டு, அவரே வந்ததும் இணைத்துவிட வேண்டும். மூன்று நிமிஷம் பேசலாம். காதில் ஒரு கருவி, வாய்க்கு எதிரே ஒரு குழல். அந்தக் குழல்தான் வீட்டில் வழக்காகிவிட்டது.

"காதுல மாட்டிக்கறது போகட்டும். வாய்கிட்ட வச்சுண்டு பேசறயே, அது யார் யார் வாய் பட்டதோ? எச்சல் இல்லையாடி?"

"வாய் படாதும்மா. ரெண்டு விரக்கடை தள்ளித்தான் இருக்கும்."

"மூச்சு படுமோல்லியோ?"

"படும்."

"பின்னே?"

அதனால் வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். மழை பெய்தாலும் அப்படித்தான். எனக்கு முந்தின முறையில் அந்த இடத்தில் உட்காருகிறவள் எலிசாள். நெய்யூர்ப் பக்கம், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அவள் பெயரைக் கேட்ட பிறகுதான் அம்மா குளியலைப் பற்றிச் சொன்னார் என்பதை நான் கவனித்தேன். எலிசாளிடம் இதை மறைக்கவும் முடியவில்லை. தினம் ஈரத் தலையோடு தூங்கி ஜலதோஷம் பிடித்துவிட்டது. அவள் கேட்டாள், சொல்லிவிட்டேன்.

"நான் வேணும்னா மூச்சு விடாம பேசிப் பாக்கட்டா எக்கா? ரெண்டு கால் வரைக்கும் தாங்குவேன்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

முகம் இல்லாமல் குரல் மட்டும் வருவது விசித்திரமாக இருக்கிறது. இங்கே எல்லோரையும் நடுங்க வைக்கிற ஒரு பெரிய அதிகாரி, ஆலப்புழையில் இருக்கும் மகள் சாப்பிட்டாளா என்று கேட்பதற்காகவே கால் போடுகிறார். "மோளே, ஊணு கழிச்சோ?" என்று கேட்டுவிட்டு மிச்ச நேரம் பேசாமலே இருக்கிறார். மகளும் பேசுவதில்லை. நேரம் முடிந்ததென்று சொல்ல எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது.

பாகீரதி


மாதுங்கா
20-7-1945

பாகீரதி,

நீ இவ்வளவு சீக்கிரம் வேலையில் சேருவாய் என்று நினைக்கவில்லை. சந்தோஷம். மெஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. அறை கிடைத்துவிட்டது. மாதுங்காவிலேயே, இரண்டாவது மாடி. குழாய் மாடிக்கு ஒன்றுதான், விடிவதற்குள் பிடித்துவிட வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை. பம்பாயில் இது கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஆவணி கழிந்ததும் புறப்பட்டு வந்துவிடு. அதற்குள் ராஜிநாமா கொடுத்துவிடு. சேஷன் கொண்டுவந்து விடுவான்.

இன்னொன்று. ராத்திரி முறையும் உண்டு என்று சேஷன் எழுதியிருக்கிறான். யார் யாரோ ஆண்கள் உன் காதுக்குள் பேசுகிறார்கள் என்று ரயிலில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த வரிகளை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், அடிக்கவில்லை.

சாம்பசிவன்


ஸ்ரீவராகம்
8-8-1945

நமஸ்காரம்.

அறை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ராஜிநாமாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன், நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு கால் வந்தது. கூப்பிட்டவர் பகவதிப்பெருமாள் என்ற ஜவுளி வியாபாரி. அவர் மனைவிக்கு ஏழாம் மாசம். ரத்தப்போக்கு. இங்கே வைத்தியம் பார்க்கிற டாக்டரோடு உடனே பேச வேண்டும். அந்த டாக்டருக்கும் உங்கள் பெயர்.

வீட்டைக் கூப்பிட்டேன். யாரோ எடுத்தார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வாயைத் திறந்தேன். வரவில்லை. "டாக்டர் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டேன். "டாக்டர்தான் பேசறேன்" என்றார்கள். இணைத்துவிட்டேன்.

அந்த வீட்டில் இரண்டு டாக்டர்கள். எடுத்தவர் அவருடைய அண்ணா, கண் வைத்தியர். காதும் மந்தம். மூன்று நிமிஷமும் இவர் ரத்தம் ரத்தம் என்று அலறுகிறார், அவர் "எந்தக் கண்ணில்?" என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டே இருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரம் முடிந்தது, கம்பி அடுத்தவருக்குப் போய்விட்டது. மறுபடி அவருக்கு முறை வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் அவர்கள் அங்கேயே ஒரு மருத்துவச்சியைக் கூட்டி வந்து எப்படியோ நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். அதனால்தான் என்னால் உட்கார்ந்து கடிதம் எழுத முடிகிறது.

பகவதிப்பெருமாள் புகார் எழுதிப் போட்டார். எங்கள் சூப்பர்வைசர் லீலாபாய் கூப்பிட்டுக் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புருஷன்றெ பேரா? ஆயிக்கோட்டே. பக்ஷே டாக்டருடெ பேரும் அதானு. பேரு பறயாதெ இவிடெ ஜோலி செய்யான் பற்றில்ல, குட்டி" என்றார்.

பெயர் சொல்லாமல் இங்கே வேலை செய்ய முடியாது. இன்னொரு புகார் வந்தால் என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். செப்டம்பர் முடிவில்தான் நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று முடிவு.

எலிசாள் ஒரு வழி சொன்னாள். "கம்பியைச் சொருகாம, வெறும் குழல்ல சொல்லிப் பாருங்க. பூமியில ஒருத்தருக்கும் கேக்காது." முயன்றேன். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது எழுத்து வரவில்லை. எலிசாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பாகீரதி


மாதுங்கா
20-8-1945

பாகீரதி,

யுத்தம் முடிந்துவிட்டது. ஊர் முழுவதும் விளக்கு. யுத்தத்துக்காகக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்த ஜன்னல்களை இன்றைக்குத்தான் கிழிக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கண் டாக்டர் பகுதியை மெஸ்ஸில் வாசித்தும் காட்டினேன். ரசம் ஊற்றுகிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வேலை போனாலும் போகட்டும்னு ஆம்படையான் பேரைச் சொல்லலையா? நீர் கொடுத்து வச்சவர் ஓய்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக்கூட ஒரு மாதிரி பெருமையாகத்தான் இருந்தது.

அவர்கள் உன்னை அனுப்பும்வரை எதற்குக் காத்திருக்கிறாய்? அது நமக்கு அவமானம். நீயாகவே எழுதிக் கொடுத்துவிடு. உனக்கு அது வராது என்பது தெரிந்துவிட்டதே. வராத காரியத்தில் போய் ஏன் கஷ்டப்படுகிறாய்? அறை காலியாகக் கிடக்கிறது. இரண்டு பாத்திரம் வாங்கிவைத்திருக்கிறேன்.

சாம்பசிவன்


ஸ்ரீவராகம்
2-9-1945

நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. அவரே சொல்லி எழுதவைத்தது போல இருந்தது.

ஜூன் மாதத்தில் உங்கள் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேலி செய்தீர்கள். ஆகஸ்டில் அதே விஷயத்துக்காக மெஸ்ஸில் பெருமைப்பட்டீர்கள். ஒரு பெண் ரத்தம் போய்ச் சாகக் கிடந்த கதையை வாசித்துவிட்டு, கொடுத்து வைத்தவர் என்ற பெயர் வாங்கியிருக்கிறீர்கள்.

பூணூலைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டதாகப் போன வருஷம் எழுதினீர்கள். பம்பாயில் உங்கள் சட்டைக்குள் எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. நான் தினமும் மழையில் கிணற்றடியில் நிற்கிறேன். பக்கத்து மாடியிலிருந்து பார்க்கிறார்கள். மின்சார ரயில் எல்லோரையும் சமமாக்குகிறது என்கிறீர்கள். நெரிசலில் நகர இடமில்லை, அதனால் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இறங்கியதும் அவரவர் மெஸ்ஸுக்குத்தானே போகிறீர்கள்? அந்த மில்காரர் உங்கள் மெஸ்ஸில் சாப்பிட முடியுமா? கேட்டுப் பார்த்தீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை எலிசாள் என்னோடு நம் வீடுவரை வந்தாள். தாகம் என்றாள். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். செம்பைக் கொடுக்கவில்லை. கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றினார். எலிசாள் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி, அம்மா" என்றாள். இந்த ராஜ்யத்தில் எல்லா ஜாதிக்கும் கோயிலைத் திறந்து ஒன்பது வருஷமாகிறது. நம் வீட்டுச் செம்பு இன்னும் திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொல்ல முடியாத வாய் இதற்கு மட்டும் எப்படித் திறக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஆண்கள் யுத்தத்திலிருந்து திரும்பினால் பெண்களை அனுப்பிவிடுவார்கள் என்று ஆபீசில் பேச்சு. புகார் உள்ளவர்கள்தான் முதலில் போவார்கள். நான் ராஜிநாமா எழுத மாட்டேன். அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். முடியாவிட்டால் அவர்களே அனுப்புவார்கள். நீங்கள் அனுப்ப வேண்டாம்.

பாத்திரங்கள் வாங்கியது நல்லது. உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?

பாகீரதி


மாதுங்கா
28-9-1945

பாகீரதி,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் எனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

மெஸ்ஸில் கேட்டுப் பார்த்தேன். என் ஆபீசில் பியூனாக இருக்கும் காம்ப்ளேயை ஒருநாள் சாப்பிட அழைத்துவரலாமா என்று. மெஸ் மானேஜர் சிரித்துக்கொண்டே, "கொண்டுவாரும், வெளியில் இலை போடறேன்" என்றார். மறுநாளிலிருந்து அங்கே போவதில்லை. அறையில் நானே சமைக்கிறேன். எனக்குச் சமைக்கத் தெரியாது.

இதைவிட வேறொன்று நடந்தது. நீ வந்தால் வேண்டுமென்று உன் பெயரையும் ரேஷனில் சேர்க்கப் போனேன். பெரிய வரிசை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மராட்டிக்காரர். வீட்டில் இன்னொருவர் யார் என்று கேட்டார். மனைவி என்றேன். பெயர் கேட்டார். "மிஸஸ் சாம்பசிவன்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "அது உங்கள் பெயர், ஸார். அவர் பெயரைக் கேட்டேன்" என்றார்.

பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். எனக்கு வாய் வரவில்லை. உன் பெயர் தெரியாமல் இல்லை. இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை. 'வீட்டில்', 'ஆத்துக்காரி', 'ஊரில் இருக்கிறாள்', இவ்வளவுதான். மெஸ்ஸில் உன் கடிதத்தை வாசித்தேனே, அங்கேகூட யாருக்கும் உன் பெயர் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் ஆயுசு போல உன் ஆயுசுக்கு யாரும் பயப்படவில்லை. அதனால் சொல்லாததற்கு எனக்கு அந்தக் காரணம்கூட இல்லை.

கடைசியில் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லச் சொன்னார். வரிசை முழுவதும் கேட்கும்படி 'பாகீரதி' என்று கத்தினேன்.

மாதம் முடியப்போகிறது. உன் வேலை என்ன ஆயிற்று என்று எழுது. ராஜிநாமாவைப் பற்றி எழுதியதை மறந்துவிடு.

சாம்பசிவன்


ஸ்ரீவராகம்
14-10-1945

சாம்பசிவன் அவர்களுக்கு, நமஸ்காரம்.

வேலையைப் பற்றிய முடிவு இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. உங்கள் கடிதம் வந்த வாரத்திலேயே நாகர்கோவிலிலிருந்து மறுபடி கால் வந்தது. அதே பகவதிப்பெருமாள். என் குரலைத் தெரிந்துகொண்டாரோ என்னவோ, "இந்த மட்டமாவது அந்த டாக்டரையே குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். லீலாபாய் என் பின்னால் வந்து நின்றார். எலிசாள் முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வாசற்படியில் நின்றாள்.

வீட்டைக் கூப்பிட்டேன். யாரோ எடுத்தார்கள். "டாக்டர் சாம்பசிவன் இருக்கிறாரா?" என்றேன்.

இடி விழவில்லை. கரகரத்த குரல் ஒன்று, "நான்தான்" என்றது.

எத்தனை நாள் தொண்டைக்குள் வைத்திருந்த பெயர். முதல் முறை சொன்னபோது வேறு யாரோ 'நான்தான்' என்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழலைக் கையால் பொத்திக்கொண்டு இணைத்தேன். அந்த அம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். லீலாபாய் தன் மேஜைக்குப் போய்விட்டார். மறுநாள் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதிவிட்டதாக எலிசாள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். மறைக்க வேண்டாமென்று தோன்றியது. அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை எடுக்கவில்லை.

"வாய்விட்டுச் சொன்னயா?"

"சொன்னேன்."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை. இந்த வாரம் கடிதாசு வந்திருக்கு. சௌக்கியமாத்தான் இருக்கார். தானே சமைச்சுக்கறாராம்."

அம்மா வெகுநேரம் களைந்த அரிசியையே களைந்துகொண்டிருந்தார். பிறகு, "நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லைடி. தூக்கத்துலகூட. அப்படியும் அவர் அம்பது வயசுல போயிட்டார்" என்றார். நான் கிணற்றடிக்குக் குளிக்கக் கிளம்பினேன். கூப்பிட்டு, "ஜலதோஷம் பிடிச்சிருக்கு, கைகால் அலம்பிண்டு வா, போறும்" என்றார். நாளைக்கே இது மாறலாம். எலிசாளைத் திரும்ப அழைத்துவந்து, தண்ணீர்ச் செம்பை நானே அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதுகிறேன்.

பம்பாய் டிரங்க் போர்டில் பெண்களை எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். உங்கள் ஆபீசுக்கு எதிரே என்று எழுதியிருந்தீர்களே, ரோட்டைக் கடந்தால் போதும். தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் பேசுவாள், டிரங்க் போர்டு தெரியும், பெயர் சொல்லத் தெரியும் என்று சொல்லுங்கள். எடுத்தால் உடனே வருகிறேன். எடுக்காவிட்டாலும் வருவேனா என்பதை எனக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை. அதைப் பொய் சொல்ல விருப்பமில்லை.

கவரின் மேல் இருப்பது என் கையெழுத்து. சேஷனைக் கேட்கவில்லை. பெயர் கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது, இரண்டாவது கவர் எடுக்கவில்லை. தபால்காரர் சரியான ஆளிடம் கொண்டுவந்து சேர்த்தாரா என்று எழுதுங்கள்.

பாகீரதி